ஒரு தாள் குறைந்த ரீம்

மாதத்துக்கு நாற்பது டன் தபால். அதுவும் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊரிலிருந்து.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் தலைநகரம் கொலம்பஸ். அதன் வடக்கு ஓரத்தில் வெஸ்டர்வில். மகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்தவனைப் பேத்திதான் அந்த ஊர் நூலகத்துக்கு அழைத்துப் போனாள். நூலகத்தோடு சேர்ந்தாற்போல ஓர் உள்ளூர் வரலாற்றுக் காட்சியகம் இருக்கிறது. 1910 வாக்கில் இந்தச் சிற்றூரிலிருந்து மாதம் நாற்பது டன் அச்சடித்த தாள் வெளியே போனது, அதனாலேயே நாட்டில் முதல் வகுப்புத் தபால் நிலையம் பெற்ற மிகச் சிறிய ஊராக இது ஆனது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் அந்த இடத்தை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

காரணம் என் தொழில். பதினாறு வயதில் சேலத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் கம்போசிங் பையனாகச் சேர்ந்தேன். பிறகு சொந்தமாக ஒரு டிரெடில் மெஷின் போட்டு, நாற்பது வருடம் ஈய எழுத்தோடும் மையோடும் பிழைத்தேன். காகிதக் கட்டு சுமந்து இடது தோள் சற்று இறங்கியே போய்விட்டது. டெம்மி அளவில் ஒரு ரீம் ஏழெட்டுக் கிலோ இருக்கும். நாற்பது டன் என்றால் ஏறக்குறைய ஐயாயிரம் ரீம். ஆள் வைத்து இறக்கி, வெட்டி, அடித்து, மடித்து, கட்டி, விலாசம் எழுதி அனுப்ப வேண்டும். மாதாமாதம். அந்த ஊரில் அன்று அச்சு மெஷின்கள் ராத்திரியிலும் ஓடியிருக்கின்றன.

அனுப்பியவர்கள் 'ஆன்டி சலூன் லீக்'. நம் ஊரில் சலூன் என்றால் முடிவெட்டும் கடை. அங்கே அது சாராயக்கடை. சலூன் எதிர்ப்புச் சங்கம் என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்க அரசியல் சாசனத்தையே திருத்தி, நாடு முழுக்க மதுவிலக்கு கொண்டுவந்த சங்கம் அது. எந்தக் கட்சியும் அதைச் செய்யவில்லை. எந்தக் குடியரசுத் தலைவரும் செய்யவில்லை. ஒரு சங்கம் செய்தது. அதன் அச்சகம்தான் இந்த ஊரில் இருந்தது.

நான் எந்தப் பக்கம் சாய்ந்தபடி அந்தக் கூடத்துக்குள் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தபோது என் ஆத்தாவுக்குப் பதினெட்டு வயது. அந்த வருடம் வீட்டில் அரிசிச் சோறு வெந்ததை, தொட்டிலில் கிடந்த பிள்ளைக்குப் புதுத்துணி வந்ததை, தாத்தா இருட்டும் முன்னால் வீடு திரும்பியதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அதற்கும் எட்டு வருடம் முன்னால், திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி 'விமோசனம்' என்று ஒரு மாத இதழ் நடத்தினார். மதுவிலக்குக்கென்றே ஓர் இதழ். கல்கி அதில் துணையாசிரியர். ஒரு காரியத்துக்காகப் பத்திரிகை நடத்துவது என்பது என் தொழிலில் நான் மிகவும் மதித்த விஷயம். ஆகவே வெஸ்டர்வில் அச்சகத்தை நான் ஒரு கோயில் மடைப்பள்ளியைப் பார்ப்பதுபோலத்தான் முதலில் பார்த்தேன்.

சங்கம் பிறந்தது 1893-ல், அதே ஒஹையோவில் ஓபர்லின் என்ற கல்லூரி ஊரில். தொடங்கியவர் ஹோவர்ட் ஹைட் ரஸ்ஸல். வக்கீல் தொழிலை விட்டுப் பாதிரியாரானவர். அவருக்கு முன்பும் மதுவை எதிர்த்தவர்கள் ஏராளம். பெண்களின் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் 1874-லிருந்து இருந்தது. மதுவிலக்குக் கட்சி என்றே ஒரு கட்சி 1869-லிருந்து தேர்தலில் நின்றது. அந்தக் கட்சி தன் மிகச் சிறந்த தேர்தலான 1892-ல்கூட நூற்றுக்கு இரண்டே கால் ஓட்டுதான் வாங்கியது.

ரஸ்ஸலும் அவருடைய ஆட்களும் அந்தத் தோல்வியைப் பார்த்துக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: தனிக் கட்சி வைத்தால் இரண்டு சதவீதம் எதற்கும் ஆகாது. ஆனால் இரண்டு பெரிய கட்சிகள் நூலிழையில் மோதும் ஊரில், அதே இரண்டு சதவீதம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மொத்தமாக நகரும் என்றால், அதுதான் வெற்றி தோல்வியை முடிவு செய்யும். வேட்பாளர் எந்தக் கட்சி என்று கேட்காதே. வீட்டில் அவர் குடிக்கிறாரா என்றும் கேட்காதே. சட்டசபையில் எப்படி ஓட்டுப் போடுவார் என்று மட்டும் கேள்.

இது எனக்குப் புதிதல்ல. தேர்தல் சமயம் இரண்டு கட்சிக்காரர்களும் என் கடைக்குத்தான் வருவார்கள். ஒருவருக்கு அடித்த பிட் நோட்டீஸின் மை காய்வதற்குள் அடுத்தவர் புரூஃப் பார்க்க வந்து நிற்பார். அப்போதெல்லாம் கவனித்திருக்கிறேன். பெரிய கூட்டம் போட்டுக் கத்துகிறவரை யாரும் பயந்து பார்த்ததில்லை. 'எங்க தெருவில் நானூறு ஓட்டு, நாங்க சொல்ற பக்கம் விழும்' என்று வந்து உட்கார்ந்து தேநீர் குடிக்கிற ஆளுக்குத்தான் இரண்டு வேட்பாளர்களும் நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.

ஒஹையோவில் அந்த ஆள் வெய்ன் வீலர். பண்ணை வீட்டுப் பிள்ளை. சிறுவயதில், குடித்திருந்த ஒரு பண்ணையாள் கையிலிருந்த கவைக்கோல் இவர் காலில் குத்திவிட்டதாம். ஓபர்லின் கல்லூரியில் எடுபிடி வேலைகள் செய்து படித்தார். 1894-ல் ரஸ்ஸல் அவரைச் சங்கத்துக்கு இழுத்தார். சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் சேர்த்தார். வேலைக்கு நடுவிலேயே சட்டம் படித்து 1898-ல் வக்கீலானார். குள்ளமான, கண்ணாடி போட்ட, சாந்தமான மனிதர். படத்தில் பார்த்தால் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மாதிரிதான் இருக்கிறார்.

சில வருடங்களுக்குள் ஒஹையோ சட்டசபையில் எழுபது பேரை அடுத்தடுத்த தேர்தல்களில் வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு கட்சிக்காரர்களும் அதில் உண்டு. ஆனால் நாடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது 1905-ல்தான். அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

மைரன் ஹெரிக் ஒஹையோவின் ஆளுநர். குடியரசுக் கட்சி. கிளீவ்லாந்தின் பெரிய வங்கியாளர். 1903-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர். அந்த மாநிலத்தில் அதுவரை யாரும் அத்தனை வித்தியாசத்தில் ஜெயித்ததில்லை. சங்கம் கொண்டுவந்த ஒரு மசோதா, அந்தந்தக் குடியிருப்புப் பகுதி மக்களே ஓட்டுப் போட்டுத் தங்கள் பகுதியில் சாராயக்கடை வேண்டாம் என்று முடிவெடுக்க வழி செய்தது. ஹெரிக் அதன் பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். வீலர் அவரைத் தோற்கடிப்பது என்று முடிவு செய்தார். மது எதிர்ப்பாளரான ஜான் பாட்டிசன் என்பவரை எதிர்த்தரப்பு ஜனநாயகக் கட்சி நிறுத்தியது. அவருக்காகச் சங்கம் மாநிலம் முழுக்க முந்நூறுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் போட்டது.

தேர்தலுக்கு முந்தைய வியாழக்கிழமை வீலர் கைக்கு ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. ஹெரிக்குக்குச் சத்தமில்லாமல், ஆனால் தாராளமாக உதவுங்கள் என்று பீர் ஆலைக்காரர்களின் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு அனுப்பிய ரகசியக் கடிதம். வீலர் அதைப் போட்டோ பிடித்து, ஆயிரக்கணக்கில் பிரதி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு முன்பு தேவாலயங்களில் போய்ச் சேரும்படி அனுப்பிவிட்டார். வியாழன் மாலையிலிருந்து ஞாயிறு காலை. அந்த இரண்டரை நாள் வேலை என்னவென்று அச்சுக்காரனுக்குத்தான் புரியும். பிளாக் எடுக்க வேண்டும், காகிதம் வர வேண்டும், மை காய வேண்டும், ரயிலில் ஏற்ற வேண்டும். பேனா பிடித்தவர்கள் பத்திரிகையின் வலிமையைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அந்த வலிமை பாதிக்கு மேல் ரயில் நேரத்தைப் பிடிப்பதில்தான் இருந்தது.

அந்த முறை மாநிலப் பட்டியலில் குடியரசுக் கட்சி நிறுத்திய மற்ற எல்லாரும் ஜெயித்தார்கள். ஹெரிக் மட்டும் தோற்றார், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டில். ஓட்டுச் சீட்டில் ஒரே ஒரு பெயரை மட்டும் தனியாகப் பிடுங்கி எறிய ஒரு சங்கத்தால் முடியும் என்று இரண்டு கட்சிகளுக்கும் அன்று ராத்திரி தெரிந்துபோனது.

சங்கத்தின் தலைமையகமும் அச்சகமும் 1909-ல் வெஸ்டர்வில்லுக்கு வந்தன. ஊரே பத்தாயிரம் டாலர் தருவதாகச் சொல்லி அழைத்துக்கொண்டது. சாராயக்கடையைச் சகிக்காத ஊர் அது. 1875-ல் ஹென்றி கார்பின் என்பவர் அங்கே ஒரு சலூன் திறந்தார். ராத்திரியில் யாரோ வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். 1879-ல் மறுபடி திறந்தார். மறுபடியும் தகர்த்தார்கள். சங்கத் தலைவர்கள் வீடு கட்டிக் குடியேறிய தெரு இன்றும் அப்படியே இருக்கிறது. மாலையில் பேத்தியோடு அதில் நடந்தேன். மரங்கள் பெரிதாக வளர்ந்து நிற்கின்றன. ரஸ்ஸலும், அச்சகத்தை நடத்திய எர்னஸ்ட் செரிங்டனும் அங்கேதான் வாழ்ந்திருக்கிறார்கள். சங்கத்தின் பத்திரிகைகளை இங்கிருந்து கவனித்த வில்லியம் ஜான்சனை 'புஸ்ஸிஃபுட்' என்று, பூனை நடைக்காரர் என்று, ஊரே அழைத்தது. 1919-ல் லண்டனில் மதுவிலக்கு பேசப் போனபோது மாணவர் கூட்டம் எறிந்ததில் அவருக்கு ஒரு கண் போனது. 1921-ல் அதே மனிதர் இந்தியாவுக்கும் வந்து மதுவிலக்குக் கூட்டங்களில் பேசினார்.

'அமெரிக்கன் இஷ்யூ' என்பது சங்கத்தின் பத்திரிகை. மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பதிப்பு. உங்கள் தொகுதி உறுப்பினர் போன கூட்டத்தொடரில் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்று அதில் வரும். இன்றைக்கு அது சாதாரணமாகத் தோன்றலாம். அன்று கிராமத்தில் இருக்கிற விவசாயிக்குத் தலைநகரத்தில் தன் பிரதிநிதி என்ன செய்கிறார் என்று தெரிய வேறு வழி குறைவு. பெருநகரப் பத்திரிகைகளுக்குப் பீர் ஆலைகளின் விளம்பரம் வந்துகொண்டிருந்தது.

பணம் வந்த வழியும் பத்திரிகை வழிதான். சங்கத்துப் பேச்சாளர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பேசுவார். பேசி முடித்ததும் பெஞ்சுக்குப் பெஞ்சு அட்டையும் பென்சிலும் போகும். பெயர், விலாசம், மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கால் டாலர் எழுதியவர்கள்தான் அதிகம். ராக்ஃபெல்லர் குடும்பத்தின் பெருந்தொகையும் வந்தது, ஆனால் சங்கத்தைத் தூக்கி நிறுத்தியவை இந்தக் கால் டாலர்கள். அந்த அட்டை கொடுத்த விலாசம் பணத்தைவிடப் பெரிது. மசோதா ஓட்டுக்கு வருகிறது என்றால் வெஸ்டர்வில்லிலிருந்து சொல் போகும். மறுநாள் சட்டசபை உறுப்பினர் மேசையில் கடிதமும் தந்தியும் குவியும். அழுத்தம் கொடுக்கும் அரசியல் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கியதும், பீட்டர் ஓடகார்ட் 1928-ல் இந்தச் சங்கத்தைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி நூலுக்கு அதையே தலைப்பாக வைத்ததும் இதனால்தான்.

எதிர்த்தரப்பிலும் பணம் இருந்தது. பீர் ஆலைகள் 1862-லிருந்தே சங்கம் வைத்திருந்தன. பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தால் மதுவிலக்கு வரும் என்று பயந்து, அதை எதிர்த்து ரகசியமாகச் செலவழித்தார்கள். 1917-ல் ஆர்தர் பிரிஸ்பேன் என்ற பேர்பெற்ற ஆசிரியர் 'வாஷிங்டன் டைம்ஸ்' நாளிதழை வாங்கியபோது, பின்னால் இருந்தது பீர் ஆலை முதலாளிகளின் பணம். அடுத்த வருடம் அது வெளியே வந்து, செனட் விசாரணைவரை போனது. பத்திரிகையை விலைக்கு வாங்கியவர்கள் தோற்றதும், அட்டை கொடுத்துச் சந்தாதாரர் சேர்த்தவர்கள் ஜெயித்ததும் எனக்கு அப்போது நியாயமாகவே பட்டது.

1913 அவர்களுக்கு நல்ல வருடம். அதுவரை மத்திய அரசின் வருமானத்தில் பெரும் பங்கு மது வரியிலிருந்து வந்தது. அந்த வருடம் பதினாறாவது திருத்தம் வந்து வருமான வரிக்கு வழி திறந்தது. மது வரி இல்லாவிட்டால் அரசு எப்படி நடக்கும் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. (நம் ஊரிலும் இதே கணக்குதான். மதுவிலக்கால் விழுந்த ஓட்டையை அடைக்க ராஜாஜி 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார்.) நவம்பரில் கொலம்பஸில் கூடிய இருபதாம் ஆண்டு மாநாட்டில், அரசியல் சாசனத்தையே திருத்துவது என்று சங்கம் அறிவித்தது. டிசம்பர் 10 அன்று நாலாயிரம் பேர் வாஷிங்டனில் ஊர்வலமாகப் போய் நாடாளுமன்றப் படிக்கட்டில் மனுவைக் கொடுத்தார்கள்.

மறு வருடம் டிசம்பர் 22-ல் கீழ்ச்சபையில் 197 பேர் ஆதரவு, 190 பேர் எதிர்ப்பு. பெரும்பான்மை கிடைத்தது, தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. மூன்று வருடத்துக்குள் 1917 டிசம்பர் 17 அன்று அதே சபையில் 282-க்கு 128. ஆதரித்தவர்களில் இரண்டு கட்சிக்காரர்களும் ஏறக்குறைய சரிபாதி. இடையில் 1916 தேர்தல் போனது, வெஸ்டர்வில் அச்சகம் இரவு பகல் பார்க்காமல் ஓடியது. உலகப் போரில் அமெரிக்கா இறங்கியது, பீர் ஆலைக்காரர்களில் பெரும்பாலோருக்கு ஜெர்மானியப் பெயர்கள். அந்தப் பெயர்களை எதிரியின் பெயர்கள் என்று சங்கம் அச்சடித்துப் பரப்பியது. அந்த இதழ்களைப் பார்த்தபோது எனக்கு முதல்முறை சங்கடமாக இருந்தது. ஈய எழுத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. கோக்கிறவனுக்குத் தெரியும். ஒரு தேர்தலில் ஒரு சமூகத்தைப் பற்றி அசிங்கமாக எழுதிக் கொடுத்த நோட்டீஸை நானும் கோத்து அடித்திருக்கிறேன். கூலி கிடைத்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கை கூசுகிறது.

செனட்டில் ஒஹையோவின் வாரன் ஹார்டிங் இருந்தார். விஸ்கி குடிப்பவர். வீலருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. மாநிலங்கள் ஆறு வருடத்துக்குள் ஏற்க வேண்டும் என்று கெடு வைத்தால் ஓட்டுப் போடுகிறேன் என்று ஹார்டிங் பேரம் பேசினார். அதுவே பிறகு ஏழு வருடமானது. அத்தனை வருடத்திலும் 36 மாநிலங்கள் சேராது என்பது எதிர்த்தரப்பின் நம்பிக்கை. பதின்மூன்றே மாதத்தில் சேர்ந்தன. 1919 ஜனவரி 16 அன்று நெப்ராஸ்கா முப்பத்தாறாவதாகக் கையெழுத்திட்டது.

இதற்குப் பின்னால் நடந்ததை அந்தக் கூடத்துக்குள் போகும் முன்பு நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஒஹையோ சட்டசபை அந்த ஜனவரியிலேயே திருத்தத்தை ஏற்றிருந்தது. ஆனால் அதற்குச் சில மாதம் முன்புதான், 1918-ல், ஒஹையோ மக்கள் தங்கள் மாநிலச் சாசனத்தில் ஒரு விதி சேர்த்திருந்தார்கள். மத்தியச் சாசனத் திருத்தத்தைச் சட்டசபை ஏற்றாலும், மக்கள் கேட்டால் அதைப் பொது ஓட்டுக்கு விட வேண்டும் என்பது அந்த விதி. அதன்படி 1919 நவம்பரில் ஓட்டு நடந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். எண்ணி முடித்தபோது திருத்தம் தோற்றிருந்தது. வித்தியாசம் 479.

சங்கம் பிறந்த மாநிலம். வீலரின் மாநிலம். நாற்பது டன் காகிதம் புறப்பட்ட மாநிலம். அங்கேயே மக்கள் வேண்டாம் என்றார்கள்.

நான் தொழில் பழகியபோது குயருக்கு 24 தாள், இருபது குயர் ஒரு ரீம், அதாவது 480 தாள். 500 தாள் ரீம் பிறகு வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் என் மனம் போட்ட கணக்கு அதுதான்: பழைய ரீமில் ஒரு தாள் குறைவு.

அந்த ஓட்டு செல்லுமா என்று வழக்கு வந்தது. ஜார்ஜ் ஹாக் என்பவர் மாநிலச் செயலர் ஹார்வி ஸ்மித் மீது தொடுத்தது. 1920 ஜூன் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை எழுதிய வில்லியம் டே என்ற நீதிபதியும் ஒஹையோக்காரர். சாசனத்தின் ஐந்தாவது பிரிவு 'சட்டசபைகள்' ஏற்க வேண்டும் என்றுதான் சொல்கிறது, சட்டசபை என்றால் பிரதிநிதிகள் கூடும் சபை, மக்களின் நேரடி ஓட்டுக்கு அங்கே இடமில்லை. அவ்வளவுதான். சட்டப்படி சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். ஆனால் சட்டசபை உறுப்பினர்களை ஒவ்வொருவராக எப்படி வளைப்பது என்று இருபத்தைந்து வருடம் பழகிய ஒரு சங்கத்துக்கு, அந்த ஒரு சொல் எத்தனை பெரிய கோட்டை!

கோட்டைக்கு வெளிச்சுவரும் எழும்பியது. 1920 மக்கள்தொகைக் கணக்கில்தான் முதல்முறையாக நகரவாசிகள் பாதிக்கு மேல் வந்தார்கள். வழக்கப்படி கணக்கெடுப்பு முடிந்ததும் கீழ்ச்சபை இடங்களைப் பிரித்துக்கொடுக்க வேண்டும். நகரத்துக்கு இடம் கூடினால் மது ஆதரவு கூடும். மதுவிலக்குக்காரர்கள் நிறைந்த நாடாளுமன்றம் பிரித்துக் கொடுக்கவே இல்லை. 1929 வரை இழுத்தது. அந்தப் பத்தாண்டு முழுக்க, 1910-ன் கணக்கை வைத்தே அமெரிக்கா தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது.

1920 தேர்தலில் நின்ற இரண்டு பேரும் ஒஹையோவின் பத்திரிகை முதலாளிகள் என்பதையும் சொல்ல வேண்டும். 'மாரியன் ஸ்டார்' நடத்திய ஹார்டிங், 'டேட்டன் டெய்லி நியூஸ்' நடத்திய ஜேம்ஸ் காக்ஸ். ஹார்டிங் ஜெயித்த செய்தியை நவம்பர் 2 இரவு பிட்ஸ்பர்கின் கே.டி.கே.ஏ. வானொலி வாசித்தது. அச்சுக்காரர்கள் இருவர் மோதிய தேர்தலின் முடிவைக் காகிதமே இல்லாத ஒரு கருவி முந்திக்கொண்டு சொன்னது.

வீலரிடம் என் மனம் விட்டுப்போன இடம் வேறு. மதுவிலக்குக் காலத்தில் தொழிற்சாலைக்கான சாராயத்தில் யாரும் குடிக்கக் கூடாது என்று அரசு விஷப்பொருள் கலக்க வைத்தது. அதைக் கடத்தி விற்றார்கள். ஏழைகள் குடித்தார்கள், செத்தார்கள். விஷத்தை எடுத்துவிடுங்கள் என்று குரல் எழுந்தபோது வீலர் மறுத்தார். தெரிந்தே அதைக் குடிப்பவன் தற்கொலை செய்துகொள்கிறான் என்ற பொருளில் பேசினார்.

என் அப்பா 1969-ல் இறந்தார். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்தது. ஏரிக்கரைப் புதரில் காய்ச்சிய கள்ளச்சாராயம். இரண்டு நாள் கண் தெரியாமல் கிடந்தார், மூன்றாம் நாள் போய்விட்டார். அந்த மாதம்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கேஸ் முன்னால் போய் நின்றேன். ஆத்தா சொன்ன அரிசிச் சோறும் உண்மை. அப்பாவின் கண்ணும் உண்மை. என் அப்பா தற்கொலை செய்துகொள்ளவில்லை. அவருக்கு அடுத்த வாரச் சம்பளத்துக்குத் திட்டம் இருந்தது, எனக்குச் செருப்பு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

வீலரின் முடிவும் துயரமானது. 1927 ஆகஸ்டில் மிச்சிகனில் கோடை வீட்டுச் சமையலறைத் தீயில் அவர் மனைவி இறந்தார். அதைப் பார்த்த மாமனார் மாரடைப்பில் விழுந்தார். மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 5 அன்று, வீலரும் போனார். வயது 57.

பிறகு வந்தவர்கள் வீலரின் ஆயுதத்தையே எடுத்தார்கள். குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவில் இருந்த பாலின் சாபின் என்ற பெண்மணி, தன் பிள்ளைகளுக்காக முதலில் மதுவிலக்கை ஆதரித்தவர். 1929-ல் பதவியை விட்டு வந்து, சட்டத்தை நீக்கக் கோரும் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். பத்து லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். எந்தக் கட்சி என்று கேட்பதில்லை, இந்த ஒன்றில் எந்தப் பக்கம் என்று மட்டுமே கேட்டார்கள். பெரும்பணத்தோடு பியேர் டியூபான்டும் ஜான் ராஸ்காபும் வந்தார்கள். மது வரி திரும்பி வந்தால் வருமான வரி குறையும் என்பது அவர்கள் கணக்கு. ராஸ்காப் 1928-ல் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவரே ஆனார். 1932 ஜூனில் சங்கத்தின் பழைய புரவலர் இளைய ராக்ஃபெல்லர், மதுவிலக்கு தோற்றுவிட்டது என்று எழுதிய கடிதம் 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் வந்தது.

நீக்குவதற்கு அவர்கள் எடுத்த வழிதான் எனக்கு ஒஹையோவை நினைவூட்டியது. ஐந்தாவது பிரிவில் இன்னொரு வழியும் இருக்கிறது. சட்டசபைகளுக்குப் பதிலாக, மாநிலந்தோறும் இதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுக்கும் தனி மாநாடுகள். அதுவரை எந்தத் திருத்தத்துக்கும் அது பயன்பட்டதில்லை, அதற்குப் பிறகும் இன்றுவரை இல்லை. சட்டசபைகள் சங்கத்தின் கையில் இருந்ததால் 1933-ல் அந்தக் கதவைத் திறந்தார்கள். நீக்கும் பக்கமா, வைத்திருக்கும் பக்கமா என்று முன்கூட்டியே சொல்லி நின்ற ஆட்களுக்கு மக்கள் ஓட்டுப் போட்டார்கள். டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் மூன்று மாநிலங்கள் ஏற்றன: பென்சில்வேனியா, அடுத்து முப்பத்தைந்தாவதாக ஒஹையோ, முடித்துவைத்தது யூட்டா.

வெஸ்டர்வில் மட்டும் தன் ஊருக்குள் மதுவை அதற்கப்புறமும் விடவில்லை. 2006 ஜனவரியில்தான் ஒரு பீட்சா கடையில் முதல் பீர் விற்றது. சங்கத்தின் பழைய தலைமையக வீடு 1973-லேயே நூலகத்துக்கு வந்துவிட்டது.

அன்று ராத்திரி மகள் வீட்டில் பிரிண்டருக்கு வாங்கி வைத்திருந்த காகிதக் கட்டைப் பிரித்தேன். பேத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து எண்ணச் சொன்னேன். விசிறிபோல விரித்து ஐந்தைந்தாக எண்ணும் முறையைக் காட்டிக் கொடுத்தேன். நாலு தரம் தப்பவிட்டு ஐந்தாம் தரம் பிடித்துக்கொண்டாள். 21 தாளை எடுத்து ஓரமாக வைத்தாள். மீதியைத் தட்டி அடுக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்தோம். மூன்று விரல் உயரம் இருந்தது.

"இவ்வளவு பேரா தாத்தா கூட போட்டாங்க?"

"இவ்வளவு பேருதான் கண்ணு."

"அப்ப அத எண்ணவே இல்லையா?"

"எண்ணுனாங்க. எண்ணி, எழுதி, கோர்ட்டு வரைக்கும் கொண்டு போனாங்க."

"அப்புறம்?"

"பதினாலு வருசம் ஆச்சு, கண்ணு."

அவள் மேலே இருந்த தாளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.